விடை கைப்பேசியில் இருக்கையில் மருத்துவ மாணவர் எதைக் கற்க வேண்டும்?

மருத்துவம் படிப்பவர் எவற்றைத் தம் நினைவில் வைத்திருக்க வேண்டும், எவற்றைப் புத்தகத்திடமும் கருவியிடமும் விட்டுவிடலாம் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி மீண்டும் சூடுபிடித்தது. சில மாதங்களுக்குள், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் வினாக்களில் அது தேர்ச்சி எல்லையான சுமார் 60 விழுக்காட்டை ஒட்டி மதிப்பெண் பெற்றது என்று பிஎல்ஓஎஸ் டிஜிட்டல் ஹெல்த் இதழில் ஆய்வு வெளிவந்தது. அதே 2023இல் கூகுளின் மெட்-பாம் 2 அவ்வகை வினாத்தொகுப்பு ஒன்றில் 86.5 விழுக்காட்டைத் தொட்டது.

இந்த எண்களைக் காட்டி, பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்று ஒரு சாராரும், கருவியையே வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரு தரப்பும் சொல்பவற்றில் பெரும்பகுதி முன்பே சொல்லப்பட்டவை. சில சோதித்தும் பார்க்கப்பட்டவை. அந்தப் பழைய சோதனைகளின் முடிவுகள் இன்றைய விவாதங்களில் அதிகம் எடுத்தாளப்படாதது ஒரு குறை. ஆகவே இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

மனப்பாடத்தின் மீதான பழைய வழக்கு

ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டாண்டு ஆய்வகம், இரண்டாண்டு மருத்துவமனை என்ற அமைப்பை நிலைநிறுத்தியது. முதலில் உடற்கூறியலும் உடலியங்கியலும், பிறகு வார்டு என்று நம் கல்லூரிகள் பின்பற்றிவரும் வரிசையிலும் அதே தர்க்கம் இருக்கிறது. ஃபிளெக்ஸ்னர் மனப்பாடத்தை ஆதரித்தவரல்லர். மாணவர் தம் கையால் செய்து, தம் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்பதே அவருடைய வாதம். ஆனால் அறிவியல் வளர வளர, படித்து ஒப்பிக்க வேண்டிய பக்கங்களும் பெருகின.

இதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் லாரன்ஸ் வீட். நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி எழுதும் கேஸ் ஷீட் முறையை 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முன்வைத்தவர் அவர். மனித மூளை நூற்றுக்கணக்கான தகவல்களை ஒரே நேரத்தில் சீர்தூக்கிப் பார்க்க வல்லதல்ல. ஆகவே அறிவைக் கணினியில் வைத்துவிட்டு, மாணவருக்கு முழுமையாகவும் நேர்மையாகவும் தகவல் திரட்டும் பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். 1970இல் அதே இதழில் வில்லியம் ஷ்வார்ட்ஸ், கணினி மருத்துவரின் அறிவுசார் பணிகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடும், அப்போது மருத்துவக் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது, என்ன கற்பிப்பது என்பதும் மாறும் என்று எழுதினார். இன்றைய தலையங்கம் என்று சொல்லி அதை அச்சிட்டாலும் பொருந்தும்.

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முதல் மாணவர் அணியைச் சேர்த்தபோது, விரிவுரைகளைக் குறைத்து, நோயாளியின் பிரச்சினையிலிருந்து தொடங்கிக் குழுவாகக் கற்கும் முறையைக் கொண்டுவந்தது. செய்திகளை ஏற்றுவதைவிடச் சிந்திக்கக் கற்பிப்பது மேல் என்பது அதன் அடிப்படை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பலத்த அடி 1978இல் விழுந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகியோர், மருத்துவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை நெருங்கி ஆராய்ந்தார்கள். ஒரு நோயாளியின் சிக்கலை அழகாக அவிழ்த்த மருத்துவர் அடுத்தவருடையதில் தடுமாறினார். தேர்ந்தவரும் தேறாதவரும் சிந்திக்கும் முறையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்தந்த நோய் பற்றி அவர்களிடம் இருந்த அறிவில்தான் வேறுபாடு இருந்தது. உள்ளடக்கத்திலிருந்து பிரித்தெடுத்துக் கற்பிக்கத்தக்க பொதுவான சிந்தனைத் திறன் என்று ஒன்று இருக்கிறதா என்ற ஐயம் அன்று எழுந்தது, இன்னும் தீரவில்லை. செய்திகளை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நாம் சிந்திக்கக் கற்பிப்போம் என்று இன்று பேசுபவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்த ஆய்வுக்குத்தான்.

அடுத்து வந்தது தேடல். 1992இல் சான்றுசார் மருத்துவம் ஓர் இயக்கமாக அறிவிக்கப்பட்டது; 1997இல் பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. நல்ல கேள்வியை அமைத்து, ஆய்வைத் தேடி, அதன் தரத்தை எடைபோட்டு, நோயாளிக்குப் பொருத்துவது என்ற படிகள் பாடமாயின. தேடுபொறி ஆவணத்தைத் தந்தது. அதைப் படித்து முடிவுக்கு வரும் வேலை மாணவரிடமே இருந்தது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியோ முடிவையே தருகிறது, அதுவும் சரளமான உரைநடையில். இடையில் இருந்த படிகள் மறைந்துவிடுகின்றன. கற்றல் நடந்த இடம் அந்தப் படிகள்தான் என்பதே, முந்தைய கருவிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அம்சம்.

கணினி ஆசிரியரானபோது

நோயறிதலைத் தர்க்கமாகவும் நிகழ்தகவாகவும் எழுதிவிடலாம் என்று 1959இல் சயன்ஸ் இதழில் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டெட் இருவரும் காட்டினார்கள். அதைச் செயலில் காட்டியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணியாற்றிய டி டோம்பல். கடும் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளிடம் அவருடைய குழு நடத்திய சோதனை 1972இல் வெளியானது: கணினியின் கணிப்பு 91.8 விழுக்காடு சரி. அனுபவமிக்க மருத்துவரின் கணிப்பு 79.6 விழுக்காடு. இயந்திரம் மருத்துவரை வென்றது என்ற செய்தி அரை நூற்றாண்டு பழையது.

ஆனால் கவனிக்க வேண்டியது அதன் தொடர்ச்சி. 1986இல் எட்டு மருத்துவமனைகளில் 16,737 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. இளம் மருத்துவர்களின் முதல் கணிப்பு 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது. இந்த உயர்வு முழுவதையும் கணினியின் கணக்கில் எழுத முடியவில்லை. கணினிக்குத் தகவல் தருவதற்காக ஒரு படிவம் இருந்தது. வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, எதனால் கூடுகிறது, வாந்தி உண்டா, அழுத்திவிட்டுக் கையை எடுக்கும்போது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விடாமல் கேட்டும் தொட்டும் பார்த்து நிரப்ப வேண்டும். தங்கள் கணிப்பு சரியா தவறா என்ற பின்னூட்டமும் அவர்களுக்கு மாதந்தோறும் கிடைத்தது. முன்னேற்றத்தில் கணிசமான பங்கு படிவத்துக்கும் பின்னூட்டத்துக்கும் உரியது என்றே பின்னர் மதிப்பிடப்பட்டது. ஒழுங்காகக் கேட்கவைத்ததும், தவறைத் திருப்பிக் காட்டியதும்தான் கற்பித்தன.

டி டோம்பலின் முதல் சோதனைக் காலத்தை ஒட்டி ஸ்டான்ஃபர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின், சில நூறு விதிகளைக் கொண்டு, இரத்தத் தொற்றுக்கு எந்த நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றது என்று பரிந்துரைத்தது. அதன் பரிந்துரைகள் நிபுணர்களுடையவற்றுக்கு இணையாக மதிப்பிடப்பட்டன. அப்படியானால் இதைக்கொண்டே மாணவருக்குப் பாடம் நடத்தலாமே என்று வில்லியம் கிளான்சி குய்டன் என்ற கற்பிக்கும் மென்பொருளை அதன்மேல் கட்டினார். அதில் ஒரு தடை வெளிப்பட்டது. விடையைச் சரியாகத் தந்த விதிகளுக்குள், எந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்க வேண்டும், இந்த அறிகுறிக்கும் அந்த நோய்க்கும் இடையே உடலில் என்ன நடக்கிறது என்பவை எழுதப்படவே இல்லை. நிபுணர் விதியைச் சுருக்கி எழுதியபோதே காரணங்களை விட்டுவிட்டார். சரியான விடை தரப் போதுமான அறிவு, கற்பிக்கப் போதவில்லை. கிளான்சி விதித்தொகுப்பின் அமைப்பையே மாற்றியெழுத வேண்டியதாயிற்று.

இன்றைய மொழி மாதிரிகள் விளக்கமும் தருகின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைசினால் முடியாததை அவை செய்கின்றன. இடைமறித்துக் கேட்டால் விரித்துரைக்கின்றன. ஆனால் அவை எழுதிக் காட்டும் காரணமும், விடையை அவை அடைந்த வழியும் ஒன்றுதானா என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கில் உள்ளது. இல்லாத ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டும் பழக்கமும் முற்றாக நீங்கவில்லை.

பிட்ஸ்பர்கில் இன்டர்னிஸ்ட்-1 என்ற பெரிய நோயறி மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான ராண்டால்ஃப் மில்லர், 1990இல் சக ஆசிரியருடன் எழுதிய கட்டுரையில், மருத்துவர் தகவலை ஊட்டிவிட்டு அருள்வாக்குக்குக் காத்திருக்கும் மாதிரி தோற்றுவிட்டது என்று தாமே எழுதினார். இப்போது உரையாடல் திரை வழியாக அதே மாதிரி திரும்பி வந்திருக்கிறது.

இன்றைய நிலைப்பாடுகள்

முதல் தரப்பு, கருவியைப் பாடத்திட்டத்துக்குள் அழைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, எம்ஐடியோடு இணைந்து நடத்தும் பிரிவின் புது மாணவர்களுக்கு 2024இல் ஒரு மாத அறிமுகப் பாடத்தைத் தொடங்கியது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 2025இல் தன் மாணவர் அனைவருக்கும் கல்விக்கான சாட்ஜிபிடியை வழங்கியது. மாணவர்கள் எப்படியும் பயன்படுத்தத்தான் போகிறார்கள், மறைவில் நடப்பதைவிட ஆசிரியர் முன்னிலையில் நடப்பது நல்லது என்பது இத்தரப்பின் வலுவான வாதம். பயன்படுத்தக் கற்பிப்பதையே கல்வி என்று எண்ணிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. கட்டளை எழுதும் நுணுக்கங்கள் அடுத்த பதிப்பு வரும்போது பழசாகிவிடும்.

இரண்டாம் தரப்பு, முதலிரண்டு ஆண்டுகளாவது கருவியைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. இதை நடைமுறைப்படுத்துவது எளிதல்ல. விடுதி அறையில் இருக்கும் கைப்பேசியை எந்த முதல்வராலும் கட்டுப்படுத்த முடியாது. கருவி எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களோ தவறான பழிக்கும் இடமளிக்கின்றன.

மூன்றாம் தரப்பு நடுவில் நிற்கிறது: இயந்திரம் வரைவு தரட்டும், மருத்துவர் சரிபார்க்கட்டும். அரசுகளும் நிறுவனங்களும் மருத்துவச் சங்கங்களும் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். நான்காவது, மனிதருக்கே உரிய பரிவையும் உரையாடலையும் கற்பித்தால் போதும் என்ற தரப்பு. கடைசி இரண்டையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பவர் எங்கிருந்து வருவார்?

2024 அக்டோபரில் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வந்த சோதனையில் 50 மருத்துவர்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் வழக்கமான நூல்களோடும் இணையத்தோடும், மறுபகுதியினர் கூடுதலாக ஜிபிடி-4 உடனும் எழுதப்பட்ட நோயாளிக் குறிப்புகளை ஆராய்ந்தனர். நோயறியும் தர்க்கத்துக்கான மதிப்பெண் முறையே 74, 76 விழுக்காடு. கருவியால் கிடைத்த கூடுதல் பயன் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆய்வாளர்கள் கருவியிடம் தனியே கேட்டபோது அது பெற்றதோ 92. மருத்துவரும் இயந்திரமும் சேர்ந்தால் இருவரையும் மிஞ்சும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொய்த்தது. கருவி சரியாக இருந்த இடத்திலும் மருத்துவர்கள் தம் முதல் எண்ணத்தை விடவில்லை என்பது ஒரு விளக்கம். கருவியை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பது மற்றொன்று. ஆனால் அங்கே இருவர் முன்னும் வைக்கப்பட்டவை மருத்துவர்கள் ஏற்கெனவே தேர்ந்து, தொகுத்து, எழுதிவைத்த குறிப்புகள். நோயாளி அங்கே இல்லை.

எதிர்த்திசைத் தவறும் நிகழ்கிறது. 2023இல் ரேடியாலஜி இதழில் வந்த ஆய்வில், 27 கதிரியக்க மருத்துவர்களுக்கு மார்பகப் படங்களோடு, செயற்கை நுண்ணறிவு சொன்னதாக ஒரு கணிப்பும் தரப்பட்டது. சிலவற்றில் வேண்டுமென்றே தவறான கணிப்பு. கணிப்பு சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்களின் மதிப்பீடு ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக இருந்தது. கணிப்பு தவறாக இருந்தபோது 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது. மிகுந்த அனுபவமுள்ளவர்களும் 82இலிருந்து 45 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். இளையவர் இழுபடுவது எதிர்பார்த்ததே. மூத்தவரும் இந்த அளவுக்கு இழுபட்டார் என்பதுதான் சரிபார்ப்பவர் என்ற கருத்தையே ஆட்டங்காண வைக்கிறது.

சரிபார்க்கத் தேவையான அறிவு, இயந்திரம் இல்லாமல் தானே செய்யத் தேவைப்படும் அறிவைவிடக் குறைந்ததல்ல. எனவே இந்த நிலைப்பாடு பாடச்சுமையைக் குறைக்கும் என்று நம்ப இடமில்லை. இன்றைய மூத்த மருத்துவர்கள் சரிபார்க்க வல்லவர்களாக இருப்பதற்குக் காரணம், அவர்கள் இக்கருவி இல்லாத காலத்தில் பழகியவர்கள் என்பது. அடுத்த தலைமுறைச் சரிபார்ப்பாளர்கள் எப்படி உருவாவார்கள் என்பதற்கு இத்தரப்பிடம் திட்டவட்டமான விடை இல்லை.

கற்காமலே போதல்

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2025இல் வந்த ஒரு கட்டுரை மூன்று அபாயங்களைப் பிரித்துச் சொன்னது: கற்ற திறன் மங்குதல், திறனைக் கற்காமலே போதல், தவறாகக் கற்றல். முதலாவதற்குச் சான்று வரத் தொடங்கியிருக்கிறது. போலந்தின் நான்கு மையங்களில், பெருங்குடல் உள்நோக்கியில் கட்டிகளைச் சுட்டிக்காட்டும் கருவியைச் சில மாதங்கள் பயன்படுத்திய 19 மருத்துவர்கள் கருவியில்லாமல் செய்த பரிசோதனைகளைப் பார்த்தபோது, கட்டி கண்டறிந்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4க்கு இறங்கியிருந்தது. 2025இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியான இந்த ஆய்வு கவனிப்பு ஆய்வுதான். வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். அது பேசுவதும் படத்தில் கட்டி காட்டும் கருவியைப் பற்றி. மொழி மாதிரியைப் பற்றியல்ல. ஆனாலும் அந்த மருத்துவர்கள் ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனை செய்தவர்கள் என்பதை மறந்துவிட முடியாது.

இரண்டாவது அபாயத்துக்கு நெருங்கிய சான்று மருத்துவத்திலிருந்தல்ல, துருக்கியின் ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து கிடைக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பயிற்சியில் ஜிபிடி-4 கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான உரையாடல் வடிவில் கிடைத்தவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததும், அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த வடிவத்தில் இந்தப் பின்னடைவு பெரிதும் மறைந்தது. பள்ளிக் கணிதத்தை அப்படியே வார்டுக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் ஒரே மாதிரியை இரண்டு விதமாக அமைத்தபோது இரண்டு விளைவு வந்தது என்ற செய்தி, கருவி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைவிட மருத்துவக் கல்லூரிகளுக்குப் பயன்படும்.

கட்டிலருகே

மொழி மாதிரிக்குத் தகவல் யார் தருகிறார் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏழு நாள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று ஒரு விவசாயத் தொழிலாளி வருகிறார். வேலூர் வட்டாரம் உட்படத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் ஒரு முக்கியக் காரணம். நுண்ணிய உண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் மார்பகத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும். துணியை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் தேடினால்தான் கிடைக்கும். கண்டுவிட்டால் நோய் ஏறக்குறைய உறுதி, டாக்சிசைக்ளின் தொடங்கிவிடலாம். பார்க்கத் தவறிய மாணவர் கருவியிடம் தட்டச்சு செய்வது, காய்ச்சல், தலைவலி, தோலில் மாற்றம் ஏதுமில்லை என்று. கருவி நேர்த்தியான ஒரு பட்டியலைத் தரும். பட்டியலில் ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கவும் கூடும். அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய ஒற்றைத் தகவல் அக்குளிலேயே இருந்துவிடும்.

தோலில் மாற்றம் ஏதுமில்லை என்ற அந்த வரிதான் பெரிய ஆபத்து. பார்த்துவிட்டு எழுதியதும் பார்க்காமல் எழுதியதும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். கேஸ் ஷீட்டை நிரப்பித் தரச் சொன்னால் மொழி மாதிரி இத்தகைய வரிகளைத் தாராளமாகத் தரும்: இதய ஒலிகள் இயல்பு, வயிறு மிருது, கல்லீரல் தட்டுப்படவில்லை. பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் முன்பும் இருந்தது. இப்போது அது பிழையற்ற நடையில், நொடியில் நடக்கிறது.

இதற்கு மாறாக, உரையாடலிலும் இயந்திரம் முன்னேறிவருவதை மறைக்கக் கூடாது. கூகுளின் ஏமி என்ற மாதிரி, கனடா, பிரிட்டன், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பெற்ற 159 நோயாளிக் கதைகளைக் கொண்டு, நோயாளியாக நடித்தவர்களோடு எழுத்துவழி உரையாடியது. நிபுணர்கள் மதிப்பிட்ட 32 கூறுகளில் 30இல் அது முதல்நிலை மருத்துவர்களைவிட நன்றாகச் செய்தது. பரிவும் அக்கூறுகளில் அடக்கம். மருத்துவர்களுக்குப் பழக்கமில்லாத தட்டச்சு உரையாடல் என்பதும், நடிகர்கள் கதையை அறிந்தவர்கள் என்பதும் சோதனையின் வரம்புகள். ஆனாலும் பரிவு மனிதருக்கே உரியது, அதை மட்டும் கற்பித்தால் போதும் என்ற நான்காம் தரப்பு இதன்பின் பழைய உறுதியோடு பேச முடியாது. மாறாக, 2025இல் ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் 1,298 பொதுமக்களிடம் நடத்திய சோதனையில், தனியே 94.9 விழுக்காடு சரியாக நோயைக் குறித்த மாதிரிகள், மக்களோடு உரையாடியபோது 34.5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உதவின. எதைச் சொல்ல வேண்டும் என்று மக்களுக்குத் தெரியவில்லை. கேட்டுவாங்கும் கலைக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதற்கு இது சான்று.

தேர்வும் லாக்புக்கும்

இந்தியாவில் 2019இல் சேர்ந்த அணியிலிருந்து திறன்சார் மருத்துவக் கல்வி நடைமுறைக்கு வந்தது. லாக்புக், தானாகக் கற்கும் நேரம், மனப்பான்மை, அறநெறி, தொடர்பாடல் ஆகியவற்றுக்கான ஏட்காம் பாடம் எல்லாம் அதன் பகுதிகள். நோயாளியோடு பேசியபின் என்ன உணர்ந்தேன், என்ன கற்றேன் என்று மாணவர் எழுத வேண்டும் என்பது நல்ல நோக்கத்தில் வைக்கப்பட்டது. எழுத்துவடிவில் சமர்ப்பித்துக் கையெழுத்து வாங்கும் எதுவும் இனி அளவுகோலாக நிற்பது கடினம். இந்தப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டபோது யாரும் எதிர்பார்க்காத இடி இது.

மறுமுனையில் நீட் பிஜி இருக்கிறது: 200 கொள்குறி வினாக்கள். மொழி மாதிரிகள் மிக நன்றாகச் செய்யும் வேலை எதுவோ அதைவைத்தே மேற்படிப்புக்கு ஆளைத் தேர்கிறோம். இறுதியாண்டிலும் பயிற்சி மருத்துவக் காலத்திலும் வார்டில் இருக்க வேண்டிய நேரத்தை வீடியோ பாடச் செயலிகள் விழுங்குகின்றன என்பது ஆசிரியர்களின் நீண்டநாள் மனக்குறை. செயற்கை நுண்ணறிவு வராவிட்டாலும் இது தீர்க்கப்பட்டிருக்க வேண்டிய சிக்கல்.

நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒரு பழைய சொத்து லாங் கேஸ். மாணவர் ஒரு நோயாளியுடன் தனியே இருந்து வரலாறு கேட்டு, உடலைப் பரிசோதித்து, தேர்வாளர் முன் நின்று சொல்ல வேண்டும். கல்லீரல் இரண்டு விரற்கடை தட்டுப்படுகிறது என்றால், எங்கே, காட்டு என்பார் தேர்வாளர். அங்கே எந்தக் கருவியும் உதவாது. ஆனால் இம்முறையைப் பல நாடுகள் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. எல்ஸ்டீன் காட்டியபடி ஒரு நோயாளியிடம் காட்டும் திறமை அடுத்தவரிடம் தொடர்வதில்லை. ஆகவே ஒரே கேஸில் தேர்ச்சியைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டத்துக்கு இடமளிக்கிறது. தேர்வாளரின் மனநிலையும் குறுக்கிடும். 1975இல் டண்டியின் ரொனால்ட் ஹார்டன் பல நிலையங்களைக் கொண்ட ஆஸ்கி தேர்வை அறிமுகப்படுத்தியது இதை ஈடுகட்டத்தான். நம்பகத்தன்மைக்காக ஒதுக்கப்பட்ட லாங் கேஸ், இப்போது நேர்மைக்காகத் தேவைப்படுகிறது. ஆண்டு முழுவதும், பல நோயாளிகளிடம், ஆசிரியர் நேரில் பார்த்து மதிப்பிடும் சிறு சிறு கேஸ்களாக அதைப் பிரிப்பது இரண்டு குறைகளையும் ஓரளவு தீர்க்கும். அதற்கு வேண்டியது மென்பொருளல்ல, ஆசிரியரின் நேரம். மிகப் பற்றாக்குறையாக இருப்பதும் அதுவே.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், கருவி வேண்டுமா வேண்டாமா என்பதைவிட எந்த வரிசையில் என்பது முக்கியமானதாகத் தோன்றுகிறது. மாணவர் முதலில் தாமே கேட்டு, தொட்டுப் பார்த்து, தம் கணிப்பையும் அதற்கான காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் கருவியைக் கேட்கட்டும். எங்கே வேறுபட்டது, யார் சரி, எப்படித் தெரியும் என்று ஆசிரியர் முன்னிலையில் விவாதிக்கட்டும். லீட்ஸின் படிவமும் பின்னூட்டமும், துருக்கியின் குறிப்பு மட்டும் தரும் வடிவமும் இந்தத் திசையையே காட்டுகின்றன. ஆனால் முதலில் கணித்தவர் அக்கணிப்பையே பிடித்துக்கொண்டு கருவி சரியாகச் சொல்வதைப் புறக்கணிக்கலாம் என்பதையும் ஜாமா சோதனை எச்சரிக்கிறது. எந்த ஆண்டு மாணவருக்கு, எந்தத் திறனுக்கு, எவ்வளவு நேரம் கழித்துக் கருவியைத் திறந்துவிடுவது என்பதற்கு நிறுவப்பட்ட விடை இல்லை.

நடிப்பு நோயாளியாகவும் கேள்வி கேட்பவராகவும் மொழி மாதிரியை அமைப்பது, விடை தருபவராக அமைப்பதைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆசிரியர் குறைந்த கல்லூரிகளுக்கு இது உண்மையில் கைகொடுக்கலாம். அங்கேதான் ஆசிரியரை அமர்த்தாமல் இருக்கவும் இது சாக்காகலாம். இங்குள்ள நோய்களிலும், தமிழில் பேசும் நோயாளியின் கதையிலும் இம்மாதிரிகள் எவ்வளவு நம்பகமானவை என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத் தரவில் பழகியவற்றின் அமெரிக்கத் தேர்வு மதிப்பெண் அதற்கு உறுதியாகாது. நோயாளியின் விவரங்களைப் பொதுவில் கிடைக்கும் கருவிகளில் உள்ளிடுவதை மட்டும் எந்த ஆய்வுக்கும் காத்திராமல் இன்றே நிறுத்தலாம்.

பெரிய கேள்வி நீண்டகால விளைவு பற்றியது. இதுவரை வந்த சோதனைகள் மணிக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அளந்தவை. மருத்துவர் உருவாவது ஆண்டுக்கணக்கில். 2023இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்கள், கல்லூரியில் நுழைந்த முதல் நாளிலிருந்தே சாட்ஜிபிடி கைவசம் இருந்த அணி. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவமும் முடிந்து 2029இல் அவர்கள் தனியே மருந்துச் சீட்டு எழுதத் தொடங்குவார்கள். கருவியில்லாமல் ஒரு நோயாளியை அவர்களால் எந்த அளவுக்குப் பார்க்க முடிகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து பதிவுசெய்யும் வேலையை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இப்போதே தொடங்க வேண்டும். 2029க்குப் பிறகு தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவீடு கையில் இருக்காது.